ஹார்லன் வோஸ் தொடாத பந்து

அன்புள்ள மருமகன் டுவேனுக்கு, உன் தாய்மாமன் எல்மர் ஷுல்ட்ஸ் எழுதுவது. நானும் உன் அத்தை டோரிஸும் நலம், என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. நீயும் உன் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கமும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

வெள்ளிக்கிழமை நடந்தது அத்தனையும் நடக்கும் என்று நான் புதன்கிழமையே சொல்லிவிட்டேன். "ஹார்லன் ஒரே ஒரு ஓட்டில் தோற்பான், அந்த ஓட்டு என் சொந்த ரத்தமாகவே இருக்கும்" என்று சாப்பாட்டு மேசையில் தட்டிச் சொன்னேன். "நீங்க ஒண்ணும் சொல்லல, வெள்ளிக்கிழமை மீன் திங்கப் போறோம்னுதான் சொன்னீங்க" என்கிறாள் உன் அத்தை. அவளுக்குக் காது சரியில்லை, அதை விடு.

ஹார்லன் வோஸை மாவட்ட விளையாட்டு வீரர்களின் புகழ்க்கூடத்தில் சேர்க்கலாமா கூடாதா என்பது நீ பிறப்பதற்கு முன்பிருந்தே கஸ் மதுக்கடையில் நடக்கும் சண்டை. காகித ஆலையின் அமெரிக்கக் கால்பந்து அணியில், எதிரணியை மறிக்கும் தடுப்பு வரிசையின் நடுவில் நின்றவன் அவன், சட்டை எண் எழுபத்து நான்கு. அவனுக்குப் பின்னால் நின்ற பட் ஹெனிங் எப்போதோ புகழ்க்கூடத்துக்குள் போய், பித்தளைத் தகட்டில் சிரித்துக்கொண்டிருக்கிறான். ஹார்லனின் பேரை எடுத்தாலே கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற மில்டன் க்ராஸ் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். "எதிரணியில பந்தெறியறவனை எத்தனை தடவை தரையில சாய்ச்சான்? ஒரு எண் சொல்லு எல்மர், ஒரே ஒரு எண்" என்பார். அந்தக் காலத்தில் அதற்கெல்லாம் யாரும் கணக்கே வைத்ததில்லை என்று அவருக்கும் தெரியும். "காத்துக்கு எண் இருக்கா வாத்தியாரே? கூரை பறக்குதா இல்லையா?" என்று நான் கேட்பேன், கடையே கைதட்டும். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது டுவேன், இப்போது சொல்கிறேன்.

எனக்குப் பேச உரிமை உண்டு. மைதான ஓரத்தில், பந்து பத்து கெஜம் முன்னேறியதா என்று அளக்கும் சங்கிலியைப் பிடித்தவன் நான். நான் அதைப் பிடிக்காமலிருந்தால் இந்த மாவட்டத்தில் ஒருத்தனுக்கும் பத்து கெஜம் என்றால் எவ்வளவு என்றே தெரிந்திருக்காது. எட்டாம் வகுப்பை ஒருமுறைக்கு இருமுறை படித்தவன் வேறு. ஆகவே வெள்ளிக்கிழமை கஸ் கடைக் கூடத்தில், நீங்கள் ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லாம் முன்மேசையில் மீனும் உருளைக்கிழங்குமாக உட்கார்ந்திருந்தபோது, ஹார்லனுக்காக எழுந்து பேச என்னைவிட்டால் யார்? அவன் தன் அண்ணனை அடக்கம் செய்த அன்று போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைத்தடிகளையும் நாற்காலியில் சாய்த்துவிட்டு, முதல் தடவையாகத் தலை வாரிக்கொண்டு வந்திருந்தான். அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ பொங்கிவிட்டது. ஆஷ்பி ஊரோடு ஆடிய கடைசி ஆட்டத்தை எடுத்தேன். பனி இடுப்பளவு என்றேன். ஹார்லனின் வலதுகை உடைந்து கட்டுப் போட்டிருந்தது என்றேன். அந்த ஒற்றைக் கையோடு பந்தெறிகிறவனைத் தூக்கி அடித்து, நழுவி ஓடிய பந்தின்மேல் தானே பாய்ந்து படுத்தான், ஆட்டத்தை வென்றான் என்றேன். கஸ் அழுதார். நானே கொஞ்சம் அழுதேன்.

அப்போதுதான் வாத்தியார் எழுந்தார். பள்ளிக்கூட நிலவறையிலிருந்து அதே ஆட்டத்தின் படச்சுருளைத் தேடிக் கொண்டுவந்திருந்தார், மனுஷன்! பீர் விளம்பரத்தைக் கழற்றிவிட்டுச் சுவரில் படம் ஓட்டினார். பனி, கணுக்காலளவு. ஹார்லனின் கைகள், இரண்டும் முழுசு. பந்து எங்கோ ஓரத்தில் உருள்கிறது, அதன்மேல் விழுகிறவன் பட் ஹெனிங். எழுபத்து நான்கு எங்கே? மைதானத்தின் நடுவில் மல்லாந்து கிடக்கிறது, மேலே ஆஷ்பி ஊர்த் தடியன்கள் இரண்டு பேர்.

"எல்மர், உங்காளு அங்க தூங்குறாரா?" என்றார் வாத்தியார். கூடம் முழுக்கச் சிரிப்பு. ஹார்லன் மட்டும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "எல்மர், நான் அந்தப் பந்தை ஜென்மத்துல தொட்டதே இல்லடா. உன்கிட்ட எவன்டா தொட்டேன்னு சொன்னது?" என்றான்.

பிறகு ஓட்டு. நீ தட்டைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்காமல் இருந்தாய். அந்த ஒரு கை குறைந்துதான் ஹார்லன் தோற்றான். உன்மேல் வருத்தமில்லை. பொய்ச்சாட்சிக்குப் பத்திரிகைக்காரன் கை தூக்க முடியாது.

ஆனால் வண்டியில் வீட்டுக்கு வரும்போது எனக்கு உறைத்தது. இரண்டு பேர், டுவேன்! அவன்மேல் இரண்டு பேர்! அந்தச் சுருள் முழுக்க, ஒவ்வொரு தடவையும் அவன்மேல் இரண்டு பேர். ஒருத்தனைப் பிடிக்க இரண்டு பேர் போனால் வேறெங்கோ ஒரு ஆள் குறைகிறான். அந்த இடைவெளி வழியாகத்தான் பட் ஹெனிங், சந்தைக்குப் போகிறவன் மாதிரி நிதானமாக உள்ளே போய்ப் புகழ்க்கூடத்துக்கே போய்விட்டான். இது வாத்தியாருக்கும் தோன்றவில்லை, சங்கிலியோடு பக்கத்திலேயே நின்ற எனக்கும் இத்தனை வருஷம் தோன்றவில்லை. இருந்ததைச் சொல்லியிருந்தாலே போதும். ஆனால் "எங்காளு ரெண்டு பேரைச் சுமந்துக்கிட்டுப் பனியில கிடந்தான்" என்று சொன்னால் கஸ் கடையில் எவன் எனக்குப் பீர் வாங்கித் தருவான்? அவனுக்கு நான் தைத்துப் போட்ட ஜரிகைச் சட்டைதான் அவனுடைய நல்ல சட்டையை மறைத்துவிட்டது.

நல்லவேளை, ஹார்லன் பெரிய மனசுக்காரன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். உன் அத்தை சுட்ட ஆப்பிள் கேக்கில் பாதியைத் தின்றான். "விடுடா கிழவா, உன் வாயி உன் பேச்சைக் கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா? டுவேன்கிட்டச் சொல்லி அடுத்த வருஷம் என் பேரை மறுபடி எடுக்கச் சொல்லு" என்றான். கை குலுக்கினான், விரல்கள் இன்னும் வலிக்கின்றன. ஆகவே இதை அவன் வேண்டுகோளாகவே எடுத்துக்கொள்.

உன் அம்மா லோயிஸுக்கு அண்ணனின் அன்பு. ஆண்டவர் உன் வீட்டுக் கூரையையும் உன் பேனாவையும் காக்கட்டும். இந்தக் குளிர்காலத்தில் உன் வண்டி ஒரே உதையில் கிளம்பட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா எல்மர்

பி.கு.: உன் அத்தை இதைப் படித்துவிட்டு, உண்மையை எழுதாமல் தபாலில் போட விடமாட்டேன் என்கிறாள். ஹார்லன் வரவில்லை. கேக் சுட்டது உண்மை. அவன் வண்டி வீட்டைத் தாண்டிப் போனது, நான் வாசலில் நின்று கையைக் கையை ஆட்டினேன், அவன் திரும்பவே இல்லை. அடுத்த வருஷத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன். என் பேச்சை நம்பி ஓட்டுப் போடாதே. அந்தச் சுருளை மட்டும் இன்னொரு தடவை ஓட்டிப் பார். பந்தைப் பார்க்காதே, எழுபத்து நான்கைப் பார். கேக்கை இன்னும் யாரும் வெட்டவில்லை.