சொட்டுத்தண்ணியின் பான்கேக்

இலங்கையின் ஊவா மலையில் உள்ள அத்தனை தேயிலைத் தோட்டங்களையும் சலித்தெடுத்தாலும் ஓர் இரும்புச் சட்டிக்கு அவ்வளவு பயந்த மனிதர் வேறு எவரும் அகப்பட்டிருக்க மாட்டார். ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவில் அவர் சமையல்காரர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். எல்லோருக்கும் அவர் ‘சொட்டுத்தண்ணி’. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டக் கந்தோரில் கடிதமும் கணக்கும் எழுதும் கிளாக்கராக இருந்தேன்.

துரைக்கு நாலு மணித் தேநீரோடு பான்கேக் வேண்டும். மாவு ஊற்றுமுன் சொட்டுத்தண்ணி விரலை நனைத்துச் சட்டியில் ஒரு துளி உதறுவார். பிறகு காதைச் சாய்ப்பார். ‘உஸ்ஸ்’ என்று இழுத்தால் சூடு போதாது. ‘சட்’டென்று அடங்கினால் சூடு அதிகம். ‘சுர் சுர்’ என்று துள்ளினால்தான் மாவு இறங்கும்.

அப்போது யாரும் மூச்சுவிடக் கூடாது. ஒருமுறை தும்மிய தோட்டக்காரனைக் கரண்டியோடு தேயிலைக்குள் விரட்டினார். துரைசாணியின் கிளிக்கூண்டைத் தூக்கிக் கார் கொட்டகையில் வைத்துவிட்டு, “கிளிக்குச் சளிங்கம்மா” என்றார்.

ஓர் ஐப்பசியில் கொழும்பிலிருந்து கம்பெனித் துரை வந்தார். முந்திய வாரம் இரண்டு நாள் பான்கேக் கருகியிருந்தது. இன்னொரு முறை கருகினால் பதுளையிலிருந்து வேறு ஆள் வருவான் என்று துரைசாணி சொல்லியிருந்தார்.

அன்று துரையின் கையெழுத்துக்குக் கடிதங்களோடு நான் பங்களாவின் பின்பக்கக் குசினி வாசலுக்குப் போன நேரம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை இடியாய் இடித்தது.

சொட்டுத்தண்ணி துளியை உதறினார். காதைச் சாய்த்தார். மறுபடி உதறினார். முதல் பான்கேக் வெளுத்து ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கரி.

“கிளாக்கரையா, ஒண்ணுமே கேக்க மாட்டேங்குதுங்க!” என்று கத்தினார்.

“கேக்காட்டி என்ன, கண்ணாலை பாருங்கோவன்!”

அவர் என் கையைப் பிடித்தார்.

“பாக்க முடிஞ்சா நான் ஏங்கய்யா காதை வைக்கிறேன்? பொகையில கண்ணு மங்கி ரெண்டு வருசமாச்சு. தொரைக்குத் தெரிஞ்சா அனுப்பிருவாருங்க.”

உள்ளே தேநீர் மணி அடித்தது. கடிதங்களை மாவுச் சட்டியோரம் போட்டுவிட்டு அடுப்பிலிருந்த சட்டிக்கு மேலே குனிந்தேன்.

“உதறுங்கோ.”

துளி இருந்த இடத்திலேயே குந்தியிருந்து ஆவியானது.

“சூடு இன்னும் காணாது.”

ஒரு விறகை உள்ளே தள்ளினார். அடுத்த துளி துள்ளிக்கொண்டு ஓடியது.

“ஓடுது! இப்ப ஊத்துங்கோ!”

பன்னிரண்டு பான்கேக்கும் பொன்னிறம். கம்பெனித் துரை இரண்டாம் தட்டுக் கேட்டார். பாராட்டுச் சொல்லக் குசினிக்கு வந்த துரைசாணி, கழுத்துப்பட்டியெல்லாம் மாவாக நின்ற என்னை விசித்திரமாகப் பார்த்தார். கையெழுத்துக்கு வந்தேன் என்று கடிதங்களை நீட்டினேன். அவையும் மாவுதான்.

அதற்குப் பிறகு மூன்று மணிக்கு மேல் வானம் இருட்டினால், கையெழுத்து தேவையோ இல்லையோ, ஏதாவதொரு கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் பங்களாவுக்கு ஏறிவிடுவேன்.