அப்பாவின் கெண்டைக்காலை உருவ வர வேண்டாம்

அன்புள்ள அத்தைக்குப் பணிவான வணக்கம். அப்பாவின் இடது கெண்டைக்காலைத் தவிர இங்கே அனைவரும் நலம். மாமாவின் நலத்தையும் உங்கள் முழங்காலின் நலத்தையும் அறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெயோடு வந்து அப்பாவின் வீக்கத்தை உருவிக் கரைக்கப் போகிறீர்களாம். தயவுசெய்து வர வேண்டாம். போனில் சொல்ல எனக்கு நாக்கு எழாது, எழுதுவதற்குப் பயமில்லை.

நடந்தது இதுதான். வீடு மாற்றும் வேலையில் மூன்றாவது மாடிக்கு பீரோ ஏற்றும்போது அப்பாவுக்குக் கெண்டைக்கால் தசை கிழிந்தது. கூட வேலை செய்யும் அண்ணன்கள் பதறிப்போய், தங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார்கள். பிரிட்ஜைக் கட்டுவதுபோல் காலுக்கு அட்டை கொடுத்து, கம்பளி சுற்றி, டேப்பை இழுத்து இழுத்து ஒட்டினார்கள். "வீங்க எடமே இல்லாம பண்ணிட்டோம்ணே, இனி எப்படி வீங்கும்?" என்றாராம் ஒருவர். மேலே ‘உடையும் பொருள்’ என்று எழுதியும் விட்டார்கள். கால்விரல்கள் கத்தரிக்காய் நிறமான பிறகுதான், நான் துண்டு துவைத்து மடிக்கும் பிசியோதெரபி நிலையத்துக்குத் தூக்கி வந்தார்கள். அங்கிருக்கும் அக்காவுக்குக் கட்டைப் பிரிக்கவே கால் மணி நேரம் ஆனது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் அந்த அக்கா நோயாளிகளுக்குச் சொல்வதையெல்லாம் துண்டு மடித்தபடி இரண்டு வருடமாகக் கேட்கிறேன். தசை கிழிந்தால் உடம்பின் நோயெதிர்ப்பு அணுக்கள்தான் முதலில் ஓடி வருமாம். முதல் கூட்டம் இடிபாட்டைக் கிளறும். அடுத்து வரும் பெரிய அணுக்கள் குப்பையைத் தின்று தீர்க்கும். தீர்ந்ததும் குணம் மாறி, தசையோரம் தூங்கும் விதை அணுக்களைத் தட்டியெழுப்பிப் புதுத்தசை கட்டச் சொல்லும். வீக்கமும் சூடும் அந்த வேலையின் கூச்சல். நடுவில் புகுந்து பிசைந்தால், பூச்சு காயாத சுவரில் சாய்ந்த கதைதான்.

அப்பாவிடமும் சொன்னேன். "வேல நடக்குதுன்னா மேஸ்திரி எங்கடி?" என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். "நீங்க கைய வைக்காம இருந்தா அவங்க பாட்டுக்கு முடிச்சிருவாங்க" என்கிறாள் அம்மா.

டாக்டர் ஆறு வாரம் ஓய்வு சொல்லியிருக்கிறார். அதற்குள் மறுபடி கிழிந்தால் அப்பா பாரம் தூக்குவதையே மறக்க வேண்டியதுதான். அவருக்கு வேறு தொழிலும் தெரியாது. போன வருடம் உங்கள் கைபட்ட கீழ்வீட்டுக்காரர் இன்னும் ஒரு கையால்தான் சட்டை மாட்டுகிறார்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் கைராசி வேறு யாருக்காவது பலித்து, நீங்கள் பல்லாண்டு நலமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நீங்கள் ‘வாயில்லாப் பூச்சி’ என்று கூப்பிடும் தம்பி மகள்

பின்குறிப்பு: தபாலுக்கு நேரமில்லை. நீங்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது. உங்களை வரச் சொன்னதே தான்தான் என்று அப்பா இப்போதுதான் ஒப்புக்கொண்டார். வேட்டியை மடித்துக் காலையும் நீட்டிவிட்டார். இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். முழுவதும் படித்துவிட்டு மணி அடியுங்கள். தாழ்ப்பாள் போட்டது அம்மா இல்லை, நான்தான்.