பால்மா டின்னில் வந்த பரம்பரை

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. அடுப்படியில் என் பெண்சாதி ராக்கம்மா இருக்கிறாள். அவள் காதில் விழுந்தால் கதையை அவளே சொல்லத் தொடங்கிவிடுவாள். அப்புறம் அதில் எனக்கு இடமிருக்காது.

எங்கள் மகள் நிரோஷா, பல்லேகலயில் கூட வேலை செய்கிற ஜீவனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். யாழ்ப்பாணத்துப் பையன். நல்ல பிள்ளை. என் கோபமே அதுதான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே பரம்பரையைப் பிடித்தேன்.

"செல்லப்பா குடும்பத்தில கலப்பே கிடையாது! பாட்டன் புதுக்கோட்டையில இருந்து வந்தப்ப எப்படியோ, இன்னைக்கும் அப்படியே!"

அந்த நேரம் பார்த்து வந்தாள் ஸனா. கெம்பஸில் எலியைப் பற்றிப் படிக்கிற பிள்ளை. எங்கள் ஊர் அம்பிட்டியவில் வீடு வீடாக ஏறி, உயிரோடு எலி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்வைக்கு ஒன்டுதான் அங்கிள். ஆனா வீட்டெலியில பல வகை இரிக்கி. சிலது இந்தியாப் பக்கத்தால வந்தது. சிலது வெள்ளைக்காரன்ட கப்பல்ல வந்திரிக்கலாம். சந்திச்ச இடத்தில கலந்திரும். வால் நுனியில துளி எடுத்துப் பாத்தா தெரியும்."

என் வாய் சும்மா இருக்குமா?

"எங்க வீட்டு எலி கலக்காது மகள். பாட்டனோட அரிசி மூட்டையில ஏறி வந்த எலியோட வாரிசு அது!"

ராக்கம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். அவள் கை நின்றால் ஏதோ கணக்குப் போடுகிறாள் என்று அர்த்தம்.

"அப்ப, சுத்தமான எலி இருக்கிற வீடு சுத்தமான வீடுங்கிறீங்க?"

"ஆமா!"

"அந்த மாதிரி வீட்டுக்குப் பொண்ணு குடுப்பீங்க?"

"ஓடிப்போய்க் குடுப்பேன்!"

"எலி கலப்புன்னு வந்துட்டா?"

"நான் வாயே திறக்கல. நீ கைகாட்டுற இடத்துல குடு."

"முருகன் படத்தைத் தொட்டுச் சொல்லுங்க."

தொட்டேன். ஸனா எலிக்கூட்டை வைத்துவிட்டு, நாளைக் காலையில் வருவதாகச் சொல்லிப் போனாள்.

ஒரு மணி நேரத்தில் கூட்டில் எலி விழுந்தது. அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பக்கத்தில் கொழும்புச் சாமான் இறக்குகிற கடை. இதன் தாய் எந்தக் கப்பல்காரனைப் பார்த்துச் சிரித்தாளோ! என் மகள் கல்யாணம் இந்த வால் நுனியில் தொங்குகிறது.

பால்மா டின்னில் இருந்த பால் பவுடரைக் கொட்டிக் காலி செய்தேன். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். பஸ் ஏறினேன். பாட்டன் வந்து இறங்கிய தேயிலைத் தோட்டத்தில் என் சித்தப்பா மகன் லெட்சுமணன் இருக்கிறான். அவன் குடியிருக்கிற லயத்துக் காம்பராவில், அரிசிப் பானைக்குப் பின்னால் ஒன்றைப் பிடித்தோம்.

"இது தோட்டத்தை விட்டு வெளியவே போகாத எலி அண்ணே" என்றான்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் நெரிசல். மடியில் டின் கறகறவென்றது.

"என்னங்க அது?" என்றாள் பக்கத்து அம்மா.

"பால்மா."

"பால்மா கீறுமா?"

"புது மார்க்குங்க."

டின் துள்ளியது. முன் சீட்டு ஆள் திரும்பினார். கொண்டக்டர் என் மடியையே பார்த்தான். மூடியை அழுத்திய கை மரத்துப்போனது. அம்பிட்டிய வரும்வரை நான் மூச்சு விடவில்லை. எலி மட்டும்தான் விட்டது.

வீட்டில் ராக்கம்மா வெளியே துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டு எலியை விரட்டினேன். டின் எலியை உள்ளே விட்டேன். டின்னை இருந்த இடத்திலேயே வைத்தேன். காலையில் ஸனா வந்தாள். ராக்கம்மாவே கூட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்க் கொடுத்தாள்.

முடிவு வர மூன்று மாதம். போன் அடித்தால் எனக்கு நெஞ்சு அடித்தது. நிரோஷா என்னோடு பேசுவதை விட்டாள். பிள்ளை பாதிச் சோற்றில் எழும்பிப் போவாள்.

போன ஞாயிறு பத்து மணிக்கு, சொன்னபடி ஸனா போனில் கூப்பிட்டாள்.

"அங்கிள், இந்த எலியில கலப்பே இல்ல."

"கேட்டியா!" என்று குதித்தேன். "சுத்தம்! செல்லப்பா வீட்டு எலி!"

நிரோஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராக்கம்மா போன் பக்கம் குனிந்தாள்.

"மகள், அது எந்த வீட்டு எலின்னு எழுதியிருக்கு?"

"பல்லேகல, ஜீவன் அண்ணா தங்கியிரிக்கிற அறை. நீங்கதானே ஆன்ட்டி கூட்டைத் தரக்குள்ள சொன்னீங்க? எடத்தைப் பிழையா எழுதினா என்ட படிப்பே பிழையாப் போயிருமே."

கதிரையில் உட்கார்ந்தேன். "அப்ப நான் கொண்டுவந்த..." என்று தொடங்கி நாக்கைக் கடித்தேன்.

ராக்கம்மா போனை வைத்தாள். "டின் மூடியில இருபத்தொரு ஓட்டை. என் அடுப்படியில எனக்குத் தெரியாதா? மிச்சத்தை லெட்சுமணன் தம்பி போன்ல சொல்லிட்டாரு. உங்க தோட்டத்து எலிய அன்னைக்கே வேலிக்கு அங்கிட்டு விட்டாச்சு. ஜீவனுக்குப் போன் போட்டேன், பொழுது விடியுறதுக்குள்ள ஒன்னு பிடிச்சுக் கொண்டாந்து குடுத்தாரு."

"அது கலப்பா இருந்திருந்தா?"

"அப்ப நான் எதுக்கு எந்த வீடுன்னு கேக்கப்போறேன்? நம்ம வீட்டு எலின்னு நீங்களே நெனச்சு, நான் கைகாட்டுற இடத்துல குடுத்திருப்பீங்க."

வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"மாமா, உள்ளுக்கு வரலாமோ?"

ஜீவன். பத்தரைக்கு வரச்சொல்லி ராக்கம்மா முதல்நாளே சொல்லியிருக்கிறாள். நிரோஷா அழுதாள், சிரித்தாள், ஓடினாள். நான் முருகன் படத்தைப் பார்த்தேன். அவர் ராக்கம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராக்கம்மா மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். அலுமாரியிலிருந்து அந்த டின்னை எடுத்தாள்.

"மூணு தண்ணி கழுவி, வெயில்ல காயப்போட்டது" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். கோப்பைக்கு மேல் அதைக் கவிழ்த்தாள். நான் போட்ட இருபத்தொரு ஓட்டை வழியாகவும் சீனி அளவாகக் கொட்டியது.