பட்டியலில் முதலிடம்

இந்த வீட்டில் இனி நான்தான் முதல் என்று சனிக்கிழமை காலை முடிவெடுத்தேன். முழு வீட்டிலும் அல்ல, அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது. வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும்.

விஷயம் இதுதான். எங்களிடம் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதற்குள் இரண்டு இயங்குதளம், அதாவது இரண்டு குடித்தனம். விண்டோஸ் என் மனைவியுடையது. வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். லினக்ஸ் என்னுடையது, அதில் நான் செஸ் ஆடுவேன். பொத்தானை அழுத்தினால் இரண்டு பெயரும் ஒரு பட்டியலாக வரும். பத்து விநாடி யாரும் எதையும் தொடாவிட்டால் முதலில் இருப்பது தானாகத் திறந்துகொள்ளும். முதலில் இருப்பது யார் என்று சொல்லவும் வேண்டுமா? நான் ஒரு தும்மல் போட்டு நிமிர்வதற்குள் அவள் பக்கம் வந்து நின்று பாஸ்வேர்டு கேட்கும். வருஷக்கணக்காக இந்த அவமானம்.

அதனால் பழைய ஹார்டு டிஸ்க் கரகரவென்று முனகத் தொடங்கியதும் எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம்; அதை மாற்றுகிற சாக்கில் பட்டியலையும் மாற்றிவிடலாமே. புதிது வாங்கி வந்தேன்.

"எல்லாத்தையும் இதுக்கு மாத்தித் தரேன். நீ நிம்மதியா இரு."

"நீங்க இப்படிச் சொன்னாத்தாங்க எனக்குப் பயமே. சாயங்காலம் காண்ட்ராக்டருக்கு மாடி பிளான் போயாகணும். திங்கக்கிழமை கான்கிரீட் போடறாங்க."

"மதியத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"முடியலன்னா தம்பிக்குப் போன் போட்டுடுவேன்."

என் மைத்துனன் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். அவன் வந்து சரிசெய்தால், குடும்பத்தில் நாலு பேர் கூடும் இடமெல்லாம் அந்தக் கதைதான் ஓடும். அதைவிட நான் சந்நியாசம் வாங்கிக்கொள்ளலாம்.

மாற்றி முடித்துப் பொத்தானை அழுத்தினேன். பட்டியல் வந்தது. என் பக்கம் ஜம்மென்று திறந்தது. அவள் பக்கத்தைத் தட்டினால், அப்படி ஒரு டிஸ்க்கே இல்லை என்று கையை விரித்தது.

"அது எப்படிங்க, உங்களோடது மட்டும் ஒழுங்கா வருது?"

"தற்செயல்."

"என் பிளான்?"

"உள்ளேதான் இருக்கு. கதவுதான் திறக்கல."

"போனை எடுக்கட்டுமா?"

"கொஞ்சம் பொறும்மா!"

பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டினேன். அது முனகுவதைக்கூட நிறுத்திவிட்டது.

அப்போதுதான் பொறி தட்டியது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அவள் பெயருக்கு மட்டும் பட்டியல் இன்னும் செத்துப்போன டிஸ்க்கின் எண்ணையே தேடிக்கொண்டிருந்தது. காலி செய்துவிட்டுப் போனவர் வீட்டுக் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்? விண்டோஸை மீட்பதற்கென்று வைத்திருந்த பென் டிரைவைச் செருகி, அவள் பக்கத்துத் தொடக்கக் கோப்புகளைப் புது டிஸ்க்குக்கு ஏற்றபடி எழுதினேன்.

விண்டோஸ் வந்தது! அவள் ஓடி வந்து உட்கார்ந்தாள். பிளான் காண்ட்ராக்டருக்குப் போனது.

"பரவாயில்லையே! தம்பிகூட இவ்வளவு சீக்கிரம் முடிச்சிருக்க மாட்டான்."

பெருமையில் தலை உத்தரத்தில் இடித்தது எனக்கு. பட்டியலைப் பார்க்கலாமென்று மறுபடி அணைத்துப் போட்டேன். நேராக விண்டோஸ். பட்டியலே இல்லை.

"ஐயோ, என்னோடதைக் காணோம்!"

"அதான் எல்லாம் வந்திடுச்சே, விடுங்க."

"என்னோடது வரலையே!"

"உங்களோடது என்ன, செஸ்தானே? பலகை பரண்ல கிடக்கு. எடுத்துத் தரட்டுமா?"

ரத்தம் கொதித்தது. விண்டோஸ் எழுந்து உட்கார்ந்த கையோடு வாசலைப் பிடித்துக்கொண்டு என்னை வெளியே தள்ளியிருக்கிறது. யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டதோ! விட்டேனா? என் பட்டியலை மறுபடி நிறுவினேன். இரண்டு குடித்தனத்தையும் புதிதாகத் தேடிப் பிடித்துச் சேர்த்தேன். என் பெயரை மேலே ஏற்றினேன். பொத்தானை அழுத்தினேன். வந்தது பாருங்கள்! பனியனோடு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

"வா, வந்து பாரு! ரெண்டும் இருக்கு. ஒரே ஒரு சின்ன மாற்றம். நான் மேல."

வீடே இடிந்து விழும் என்று காத்திருந்தேன். அவள் சிரித்தாள்.

"நீங்கதானே சரி பண்ணீங்க. நீங்களே முதல்ல இருங்க. இப்போ கொஞ்சம் நகருங்க. அடுத்த பிளானை ஆரம்பிக்கணும்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கீழே இருந்த இரண்டாவது பெயரைத் தட்டி உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை வெற்றி வீரனாக வந்து நாற்காலியில் சாய்ந்தேன். திரை கறுப்பாக இருந்தது. ஒரு விசையைத் தொட்டேன். அவள் பக்கம் எழுந்து பாஸ்வேர்டு கேட்டது.

"ஏம்மா, நேத்து இதை ஆஃப் பண்ணலையா?"

"இல்லீங்க, தூங்க வெச்சிருக்கேன். பாதி பிளான் திறந்தபடி இருக்கு. பொத்தானை அழுத்திடாதீங்க, அத்தனையும் போயிடும்."

"எப்பதான் ஆஃப் பண்ணுவே?"

"எதுக்கு ஆஃப் பண்ணணும்? ஆஃப் பண்ணினாத்தானே உங்க பட்டியல் வரும்?"

இன்றும் பட்டியலில் முதலிடம் எனக்குத்தான். பரணிலிருந்து செஸ் பலகையை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன்.