ஏர்கோன் அண்ணனின் மூச்சுக் கணக்கு

பிரிக்பீல்ட்ஸில் எந்த ஜீவனும் ஏர்கோன் அண்ணனுக்குத் தெரியாமல் மூச்சு விட்டதில்லை. மனிதர், பூனை, புறா, கரப்பான்பூச்சி, பூந்தொட்டித் துளசி என்று எதையும் அவர் ஒதுக்கியதில்லை. யார் நிமிடத்துக்கு எத்தனை முறை விடுகிறார்கள், எந்த வழியாக விடுகிறார்கள், ஒழுங்காக விடுகிறார்களா என்பதையெல்லாம் சட்டைப் பையில் இருக்கும், அட்டையில் 555 என்று போட்ட குட்டி நோட்டில் குறித்து வைப்பார். ஏன் என்று கேட்டால், "யாராச்சும் பாக்கணும்ல?" என்பார்.

தொழில் ஏர்கோன் சர்வீஸ், அதாவது ஏசி மெஷினைக் கழுவிப் பழுது பார்ப்பது. எங்கள் பிளாட்டில் நான்காவது மாடியில் தனியாகக் குடியிருந்தார். நான் மூன்றாவது மாடி. அவருக்கு என்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒருநாள் எங்கள் வீட்டில் ஏணி மேல் நின்று பில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே என் மனைவி செருப்பும் கையுமாக ஒரு கரப்பானைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, தலையில அடிக்காதீங்க, வேஸ்ட். அதுக்கு மூக்கு மூஞ்சியில இல்ல. வயித்துக்கு ரெண்டு பக்கமும் வரிசையா ஓட்டை. தலையே போனாலும் காத்து உள்ள போய்க்கிட்டேதான் இருக்கும் லா."

என் மனைவி செருப்பைக் கீழே போட்டாள். அன்றிலிருந்து அவளால் கரப்பானை அடிக்க முடியவில்லை. எப்படியோ இந்தச் செய்தி கரப்பான்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த மாதம் எங்கள் சமையலறைக்கு அவை குடும்பத்தோடு வந்தன.

காட்டுத்தீப் புகைமூட்டம் வந்த வருடம் ஊரே முகக்கவசம் போட்டுக்கொண்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டது. ஏர்கோன் அண்ணன் மட்டும் ஈரத்துணியும் ஒரு பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு மாடி மாடியாக இறங்கி, நடைபாதையில் இருந்த எல்லார் வீட்டுச் செடிகளையும் துடைத்தார். அதுவும் இலைகளின் அடிப்பக்கத்தை.

"என்ன அண்ணே, துளசிக்கு முதுகு தேய்ச்சு விடுறீங்களா?" என்றார் இரண்டாவது மாடி ஆன்டி.

"முதுகு இல்ல ஆன்டி, மூக்கு. இலைக்கு மூக்கு அதிகமா அடியிலதான் இருக்கு. பில்டர் அடைச்சா ஏர்கோனே நிக்குது. செடி என்னா பண்ணும்?"

ஆன்டிக்கு மறுநாள் முதல் சாமி கும்பிடுவதில் சிக்கல் வந்துவிட்டது. இலையைக் கிள்ளுவதற்கு முன்னால் அதைத் திருப்பிப் பார்த்து, "மன்னிச்சுக்கமா" என்று சொல்லிவிட்டுத்தான் கிள்ளுவார்.

இதெல்லாம் சில்லறை. பெரிய சம்பவம் எனக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆன வாரம் நடந்தது. வயிற்றைத் தைத்து என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இந்த நாட்டில் மலாய்க்காரர், சீனர், நம் ஆட்கள் மூன்று பேரும் வாக்குவாதம் இல்லாமல் ஒத்துக்கொள்ளும் விஷயம், ஆபரேஷன் புண் ஆற ஹாருவான் மீன் சூப் குடிக்க வேண்டும் என்பது. ஊர்ப்பக்கம் விரால் என்று சொல்வார்களே, அதே மீன். என் மாமியார் டெங்கிலில் இருந்து முழங்கை நீளத்துக்கு ஒன்றை உயிரோடு கொண்டுவந்து இறங்கினார்.

கடைக்காரன் பாவி, வாளியில் கால்வாசிதான் தண்ணீர் ஊற்றியிருந்தான். மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. மீன் வசதியாக இருக்கட்டும் என்று வாளியை விளிம்பு வரைக்கும் நிரப்பினார். துள்ளிக் குதித்து ஓடிவிடக் கூடாது என்று மூடியைப் போட்டு, மேலே கல் உரலையும் தூக்கி வைத்தார்.

அப்போது ஏர்கோன் அண்ணன் என் அறையில் ஏர்கோன் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கையை உயர்த்தினார்.

"சத்தம் கேக்குதா? கம்ப்ரசர் அடிக்குது."

ஏர்கோனை நிறுத்தினார். டொக் என்று மறுபடியும் கேட்டது. சுவரில் காதை வைத்தார், கதவில் வைத்தார், அப்படியே காதை முன்னால் நீட்டிக்கொண்டு சமையலறை வரை போனார். மறுநிமிடம் கல் உரல் தரையில் இறங்கும் சத்தமும், தண்ணீர் கொட்டும் சத்தமும், என் மாமியாரின் அலறலும் கேட்டன. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனேன்.

"ஆன்டி, கொஞ்ச நேரம் விட்டிருந்தா மூச்சு முட்டிச் செத்திருக்கும்!"

"மீனு தண்ணியில மூச்சு முட்டிச் சாகுமா? காலையில சாப்டீங்களா, இல்லையா?"

"இது வேற ரகம் ஆன்டி. செவுள் இருக்கு, ஆனா பத்தாது. அப்பப்ப மேல வந்து வாயால காத்து குடிச்சாதான் உயிர் வாழும். கடைக்காரன் தெரிஞ்சுதான் தண்ணி கம்மியா ஊத்துனான். நீங்க மேல வர வழியில்லாம கல்லைத் தூக்கி வச்சிட்டீங்க."

மாமியார் நம்பவில்லை. அண்ணன் முக்காலியை இழுத்துப் போட்டு வாட்சைப் பார்த்தபடி வாளி பக்கத்தில் உட்கார்ந்தார். மாமியார் எதிரில் உட்கார்ந்தார். என் மனைவியும் வந்தாள். ஆறு நிமிடம் கழித்து மீன் மேலே வந்து, வாயைத் திறந்து 'ப்ளக்' என்று ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு கீழே போனது. அடுத்தது ஏழு நிமிடம். மூன்றாவது முறை ஒன்பது நிமிடம் ஆகியும் வரவில்லை. மாமியார் சேலைத் தலைப்பைக் கசக்கினார். மீன் வந்ததும், "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கை தட்டினார்.

கை தட்டிய பிறகு அதை எப்படி வெட்டுவது? மருந்தாக அன்று எனக்குக் கிடைத்தது ரசம். மீன் மாடியேறி அண்ணன் வீட்டுக்குப் போய், வலை போட்ட ஒரு பெரிய தொட்டியில் குடியேறியது. பாஸ் என்று பெயர் வைத்தார்.

இதோடு விட்டாரா? அந்த வாரம் மட்டும் இன்னும் மூன்று முறை எங்கள் ஏர்கோனைப் பார்க்க வந்தார். திங்கட்கிழமை கேஸ் பார்க்கணும் என்றார். புதன்கிழமை பில்டர் பார்க்கணும். வெள்ளிக்கிழமை சும்மா சத்தம் கேக்கணும். ஒவ்வொரு முறையும் கட்டில் பக்கத்தில் நின்று வாட்சைப் பார்ப்பார், பிறகு போய்விடுவார். "இந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்லையா?" என்று நான் மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அவர் வாசலைத் தாண்டியிருந்தாரா என்று நான் பார்க்கவில்லை.

போன வருடம் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கடைக்குக் கம்ப்ரசர் தூக்கும்போது அவருக்குக் குடல் இறங்கிவிட்டது. சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் குடல் சிக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் தேதி கிடைத்தது. அண்ணன் போனார், ஆடை மாற்றினார், திரும்பி ஓடி வந்துவிட்டார். இரண்டாவது தேதிக்கும் அப்படியே. மூன்றாவது முறை நான் கூடவே போனேன்.

நர்ஸ் ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டபோதுதான் அது இவர் என்று எனக்கும் அவருக்கும் தெரிந்தது.

மயக்க மருந்து டாக்டர் சின்னப் பெண், நம் பெண்தான். ஆபரேஷன் நேரத்தில் மெஷின்தான் அவருக்காக மூச்சு விடும் என்று விளக்கினார். அண்ணனின் கால் தரையைத் தேடத் தொடங்கியது. நான் தோளைப் பிடித்து அழுத்தினேன்.

"அந்த மெஷினுக்குக் கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணாங்க?"

"அங்கிள்?"

"பில்டர் யாரு மாத்துனது?"

டாக்டர் உள்ளே போனார். மெஷினில் ஒட்டியிருந்த சர்வீஸ் ஸ்டிக்கரைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். அண்ணன் கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பெரிதாக்கி, தேதி, கையெழுத்து எல்லாம் படித்தார்.

"போன மாசம்தான் பண்ணியிருக்கான். சுத்தமா எழுதியிருக்கான். நிமிஷத்துக்கு எத்தனை விடும்?"

"பன்னிரண்டு."

"கொஞ்சம் கம்மி லா."

"தூங்குறப்ப அது போதும் அங்கிள்."

அண்ணன் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மிகவும் சின்னக் குரலில் சொன்னார்: "அறுபத்திரண்டு வருஷமா நானேதான் விட்டுக்கிட்டு இருக்கேன் டாக்டர். ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல."

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காக அந்தப் பெண்ணுக்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். "அப்படின்னா இன்னிக்கு ரெண்டு மணி நேரம் லீவு எடுங்க அங்கிள். நான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கறேன்," என்றார்.

அண்ணன் நோட்டை என் கையில் திணித்தார். "தங்கச்சிகிட்ட சொல்லு, பாஸ் மேல வர்றானான்னு பாக்கச் சொல்லி." தள்ளுவண்டியில் படுத்தார். கதவு மூடிக்கொண்டது.

மனைவி அரைமணிக்கு ஒரு முறை வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். பாஸ் நலம். இங்கே உள்ளே என்ன நடக்கிறது என்றுதான் தெரியவில்லை. கை சும்மா இருக்காமல் நோட்டைப் புரட்டினேன். படிக்கட்டுப் பூனை, 28. இரண்டாவது மாடிப் பாப்பா, தூக்கத்தில், 36. கால்வாய்த் தவளை, தொண்டையால் 90, தோலால் விடுவது எண்ண முடியவில்லை. அடுத்த பக்கத்தில் நான் இருந்தேன்.

'மூணாவது மாடித் தம்பி. திங்கள், 22, வலி இருக்கு. புதன், 18, பரவால்ல. வெள்ளி, 15, நல்ல தூக்கம். இனிமே போக வேணாம். ஏர்கோன்ல ஒரு கோளாறும் இல்ல.'

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. டாக்டர் வெளியே வந்து, "முடிஞ்சது சார், அவரே மூச்சு விடறாரு," என்றபோது எனக்குத்தான் சரியாக மூச்சு வரவில்லை.

சாயங்காலம் வார்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். கட்டில் பக்கத்தில் நின்று வாட்சைப் பார்த்து எண்ணி, நோட்டில் எழுதினேன்: 'நாலாவது மாடி அண்ணன், 16, நல்லா இருக்காரு.'

ஒரு தடவை எண்ணினால் போதும். பார்வை நேரம் முடிந்து நர்ஸ் வந்து விரட்டும்வரை இன்னும் ஐந்து தடவை எண்ணினேன். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.