பூட்டுக்காரர் எழுதிய தானப் பத்திரம்

வரி கட்டுவதில்லை என்று பூட்டுக்காரர் முடிவெடுத்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த முடிவை அவர் வரி ஆபீசுக்குத் தெரிவிக்கவில்லை. ஆபீஸ்தான் அவருக்கு ஓயாமல் தெரிவித்துக்கொண்டிருந்தது. முதலில் வெள்ளை உறை, அப்புறம் மஞ்சள் உறை. பிரித்தால்தானே கவலை? பிரிக்காமலே சாவி வெட்டும் மெஷினுக்கு அடியில் செருகிவிடுவார். மெஷினும் ஆடாமல் நின்றது.

செவ்வாய்க்கிழமை சிவப்பு உறை வந்தது. இதைப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. மேலேயே ‘ஜப்தி அறிவிப்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதன் கீழேயே இன்னொரு வரி: ஏழு நாளில் பாக்கியைக் கட்டாவிட்டால் கடைச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். பூட்டுக்காரர் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய மெஷின் அது. அது போனால் பூட்டு போய், வெறும் ‘காரர்’தான் மிச்சம்.

“ஆபீஸ்ல போய்க் கேட்டா தவணையில கட்ட விடுவாங்களாமே? கட்டிடுங்களேன்” என்றாள் மனைவி.

“இந்த ஜென்மத்துல நான் கட்டினது உன் ஒருத்தியைத்தான். அதுக்கே இன்னும் வட்டி போயிட்டிருக்கு.”

“அசலே தேறாத ஆளு, வட்டியைப் பத்திப் பேசறாரு!”

“நீ சும்மா இரு. எங்கிட்ட ஒரு யோசனை இருக்கு.”

அவருடைய யோசனை என்றாலே அவளுக்குத் தலைவலி மாத்திரை ஞாபகம் வரும். மறுநாள் காலையில் ஒரு தாளை எடுத்து எழுதினார். கடை, மெஷின், ஸ்கூட்டர், நாற்காலி, சுத்தியல், எல்லாம் இன்று முதல் என் மனைவிக்கே சொந்தம். பக்கத்துக் கடை சலவைக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

“யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா?” என்றாள் மனைவி.

“நல்லா யோசிச்சாச்சு. வரி ஆபீஸ்காரன் வந்தா ஜப்தி பண்ண இங்க என்ன இருக்கும்? நான்தான் இருப்பேன். தூக்கிட்டுப் போகட்டும்!”

“அப்புறம் திருப்பிக் கேக்கக் கூடாது.”

“சேச்சே! குடுத்தா குடுத்ததுதான்.”

அவள் பத்திரத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வசூல் அதிகாரி குடையோடு வந்தார். வீட்டின் முன்னறைதான் கடை. பூட்டுக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“இந்த மெஷின் யாருது?”

“என் வீட்டுக்காரியோடது.”

“ஸ்கூட்டர்?”

“அவளோடது.”

“நீங்க உக்காந்திருக்கிற நாற்காலி?”

“அதுவும் அவளோடதுதான். பெருந்தன்மையா உக்கார விட்டிருக்கா.”

“மூக்குக் கண்ணாடி?”

பூட்டுக்காரர் ஒரு வினாடி யோசித்தார். பிறகு கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டார். அதிகாரி சிரித்தது அதனால் அவருக்குத் தெரியவில்லை.

“சார், நோட்டீஸ் வந்த மறுநாள் எழுதிக் குடுத்த தானமெல்லாம் எங்ககிட்ட செல்லாது.”

பூட்டுக்காரரின் மேல்கால் தானாகக் கீழே இறங்கியது.

“அப்போ... மெஷினைத் தூக்கப் போறீங்களா?”

“எதுக்குத் தூக்கணும்? அம்மாதான் வெள்ளிக்கிழமையே ஆபீசுக்கு வந்து பேசிட்டாங்களே. பன்னிரண்டு தவணை. முதல் தவணையும் கட்டியாச்சு. உங்க கையெழுத்துக்குத்தான் வந்தேன். வரி தனி, வட்டி தனி, தண்டம் தனியா போட்டிருக்கு.”

“தண்டத்தை நான் இருபது வருஷமா வெச்சுப் பார்த்துக்கறேன் சார்” என்றாள் அவள்.

பூட்டுக்காரர் தடவித் தடவிக் கையெழுத்துப் போட்டார். “முதல் தவணைக்குப் பணம் ஏதுடி?”

“உங்க இரும்புப் பெட்டியில இருந்ததுதான்.”

“அதுக்கு மூணு பூட்டு போட்டிருந்தேனே!”

“மூணு சாவியையும் சட்டைப் பையிலேயே விட்டுத் துவைக்கப் போட்டீங்களே!”

போனால் போகிறது, மெஷின் பிழைத்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மெஷினைக் குழந்தையைப் போலத் தடவிக்கொடுத்தார். பிறகு மனைவியிடம் கையை நீட்டினார்.

“சரி, அந்தப் பத்திரத்தைக் குடு, கிழிச்சுப் போட்டுடலாம்.”

“எதுக்குக் கிழிக்கணும்?”

“செல்லாதுன்னு சாரே சொல்லிட்டாரே!”

வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்த அதிகாரி திரும்பிப் பார்த்தார். “எங்களுக்குத்தான் சார் செல்லாது. உங்க ரெண்டு பேருக்குள்ள செல்லும்.”

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பூட்டுக்காரர் கடையைத் திறக்கப் போனார். கதவில் புதுப் பூட்டு தொங்கியது. அவரே விற்பனைக்கு வைத்திருந்ததிலேயே நல்ல பூட்டு. சாவி இல்லாமல் திறக்க அவருக்கு இரண்டு நிமிஷம் போதும். ஆனால் கருவியெல்லாம் உள்ளே இருந்தது.

“ஏய், கடைச் சாவி எங்க?”

ஜன்னல் வழியாகப் பதில் வந்தது.

“முதலாளியம்மா ஒம்பது மணிக்குத்தான் வருவாங்க. அதுவரைக்கும் வாசல்ல நில்லுங்க.”