பாறை இல்லாத ஊருக்கு ஒரு பிணம்

பக்கத்து அறையில் மின்விசிறி இரைந்தது. அதற்கும் மேலாக ஓர் ஆண் குரல், "ஆமா, நான்தான் கொன்னேன்" என்று விம்மியது.

இனிப்புப் பெட்டியை மடியில் வைத்திருந்த ஒகுமுரா பாதி எழுந்துவிட்டார்.

"உக்காருங்க. அவர் நடிச்சுப் பாத்துத்தான் எழுதுவார். ஃபேன்தான் கடல் காத்து. கடைசி அத்தியாயம்," என்று தேநீர் ஊற்றினார் எழுத்தாளர் மினெகிஷியின் மனைவி சயோகோ.

வாசகரே, இதுதான் அந்த இனம்: எழுதும்போதே படமாகிவிடுகிற எழுத்தாளர். மினெகிஷியின் பதினான்கு நாவல்களும் தொலைக்காட்சிக்குப் போய்விட்டன. அவற்றில் யாரும் சும்மா அழுவதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, கன்னத்தில் வெளிச்சம் விழுந்த பிறகே அழுவார்கள். கால் மணிக்கொருவர், விளம்பரத்துக்கு வழிவிட்டு, மயங்கி விழுவார். கொலைகாரன் கடலோரப் பாறை உச்சியில் நின்றுதான் குற்றத்தை ஒப்புக்கொள்வான். சமையலறையில் ஒப்புக்கொண்டால் சட்டம் ஏற்காதா? ஏற்கும். காற்று வராதே!

ஒகுமுரா நகராட்சி அலுவலர். ஆள் வருவதில்லை என்று அவர் ஊர் ரயில் நிலையத்தை வசந்தத்தில் மூடப்போகிறார்கள். அங்கே ஒரு தொடர் எடுத்தால் கூட்டம் வரும். ஆகவே, கொலை கேட்டு வந்திருந்தார்.

மினெகிஷி கண்ணைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்து, ஊரில் பாறை உண்டா என்று கேட்டார். இல்லை. கடல்? அதுவும் இல்லை. வெங்காயத்தாள் வயல் உண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. வாக்குமூலக் காட்சியைப் போன வாரமே நண்டு பரிசோடு வந்த ஒரு கடலோர ஊருக்குக் கொடுத்துவிட்டதாக மினெகிஷி வருந்தினார்.

"பொணமாவது குடுங்க ஐயா. சின்னதா இருந்தாலும் போதும்." ஒகுமுராவின் குரல் உடைந்தது. "இருபது வருஷமா ஞாயித்துக்கிழமையில அந்த பிளாட்பாரத்த நான்தான் கூட்டுறேன்."

மினெகிஷி கூர்ந்து பார்த்தார். "கொஞ்சம் எடது பக்கம் திரும்பி அழுங்க."

திரும்பினார். கன்னத்தில் வெளிச்சம் விழுந்தது.

"சயோகோ, பொணம் கெடச்சாச்சு. வெங்காயத்தாள் வயல்ல ஒரு நகராட்சி அலுவலர். மொத அத்தியாயத்துலயே."

ஒகுமுராவின் நெற்றி தரையைத் தொட்டது. "பெரிய மனசு ஐயா. ஸ்டேஷன் தெரியற மாதிரி சாகலாங்களா?"

"தலை அந்தப் பக்கம்தான்."

சிரிக்கிறீர்களா? போன முறை வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பினீர்களே, வாசலில் ஒரு நொடி நின்றது யார் பார்க்க?

ஒகுமுராவும் வாசலில் நின்றார்.

"திரும்பாதீங்க. அப்படியே போங்க," என்றார் மினெகிஷி.

அவர் போனார். காட்சி முடியட்டும் என்று சயோகோ மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டுக் கதவைச் சாத்தினார்.